தைப்பிங் நகரின் பொழுதுகள்

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் இயற்கை வருணனைக் கட்டுரைகளில் ஒரு தொடக்கம் மீண்டும் மீண்டும் வரும். பின்பனி கழிந்தது, இளவேனில் பிறந்தது, தென்றல் தவழ்ந்தது என்பதே அது. எழுதியவர் பேராக்கிலோ கெடாவிலோ பிறந்து வளர்ந்தவர். பின்பனியை அவர் கண்டதில்லை, அவருடைய ஆசிரியரும் கண்டதில்லை. வாக்கியத்தில் பிழை இல்லாததால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால், தம் ஊரில் நாள்தோறும் காண்பதைச் சொல்வதற்குத் தமிழில் சொல் இல்லை என்னும் எண்ணம் அந்த மாணவர் மனத்தில் மெல்ல ஊன்றிவிடுகிறது. இக்கருத்து சரியா என்பதை ஒரு சிறுநகரை முன்வைத்து ஆராய்வோம். நாம் தேர்ந்துகொள்வது தைப்பிங்.

தைப்பிங்கின் முன்னைய பெயர் கிளியான் பாவோ. மலாய் மொழியில் ‘கிளியான்’ என்பது சுரங்கம். ‘பாவோ’ ஒரு மாவகை. வெள்ளீயச் சுரங்க உரிமைக்காகச் சீனக் குழுக்கள் இரண்டு மோதிக்கொண்ட லாருட் போர்கள் 1861இல் தொடங்கின. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் ஒப்பந்தத்தை ஒட்டி அவை ஓய்ந்தன. அதன்பின் ஊருக்குப் ‘பேரமைதி’ எனப் பொருள்படும் சீனப் பெயர் வாய்த்தது. 1876 முதல் 1937 வரை இதுவே பேராக்கின் தலைநகர். பின்னர் அந்தச் சிறப்பு ஈப்போவுக்குச் சென்றது. நாட்டின் முதல் அருங்காட்சியகம் 1883இல் இங்கேதான் நிறுவப்பட்டது. முதல் இருப்புப்பாதையும் இங்கிருந்து போர்ட் வெல்டு துறைமுகம் வரை அமைந்து 1885 சூன் முதல் நாள் திறக்கப்பட்டது. அப்பாதைப் பணிக்கு இலங்கையிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். பிற்காலத்தில் யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இரயில் துறையில் நிறைந்தனர். போர்ட் வெல்டு இன்று கோலா செபெத்தாங் எனப்படுகிறது. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் அங்கே நிற்கிறது. அதிலுள்ள எழுத்துகளில் தமிழும் ஒன்று. மாணவரை அழைத்துச் செல்வோர் அப்பலகையின்முன் சிறிது நேரம் நிற்கலாம்.

சுற்றுலாக் கையேடுகள் முதலில் காட்டுவது ஏரிப் பூங்காவை. வெள்ளீயம் தோண்டிக் கைவிடப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கியது. 1880களில் அவ்விடம் பொதுப் பூங்காவாக உருப்பெற்றது. நம்மவர் பேச்சில் இத்தகைய நீர்நிலைக்கு ‘ஈயக்குட்டை’ என்று பெயர். தமிழகத்து அகராதிகளில் தேடிக் காண இயலாத இச்சொல் இம்மண்ணிலே பிறந்தது. கட்டுரையில் எழுதினால் அதனைப் பிழையென்று அடித்துவிட வேண்டா என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஏரிக்கரைச் சாலையில் நூறாண்டு கடந்த மரங்கள் நீரின்மேல் கிளை தாழ்த்தி நிற்கின்றன. தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் இது. ஆங்கிலத்தில் மழைமரம் என்பர். மாலையிலும் வானம் இருளும்போதும் இலைகள் மடிந்துகொள்வதால் தமிழில் தூங்குமூஞ்சி மரம் ஆயிற்று. மலாய்க்காரர் இதனைப் ‘புக்குல் லீமா’ என்றும் அழைப்பர். ஐந்து மணி என்பது அதன் பொருள். ஒரு மரத்துக்கு நாளின் ஒரு வேளையே பெயராய் அமைந்ததை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது பயன்படும்.

இனி மழைக்கு வருவோம். தைப்பிங்கின் உண்மையான காட்சிப்பொருள் அதுவே. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையில் பெய்வது 1,400 அளவுதான். காரணம் ஊரின் கிழக்கே எழும் மலைத்தொடர். மலாக்கா நீரிணையிலிருந்து பகலில் வீசும் ஈரக்காற்று சமவெளியைக் கடந்து மலையில் மோதி மேலெழுகிறது. எழுந்த காற்று குளிர்ந்து பிற்பகலில் மழையாகிறது. மழை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று பந்தயம் கட்டும் வழக்கம் முன்னாளில் இந்நகரில் இருந்ததாகச் சொல்வர். அந்த மலையே முன்பு மேக்ஸ்வெல் குன்று எனப்பட்ட புக்கிட் லாருட். ஆங்கிலேயர் 1880களில் அமைத்த குளிர்வாழிடம் அங்கே உள்ளது. செல்லும் பாதையில் வளைவுகள் மிகுதி. மண்சரிவால் அது அடைபடுவதும் உண்டு. ஆகவே பயணத்திற்குமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

இம்மழைக்குத் தமிழில் தக்க சொல் உண்டா? உண்டு. ‘சாரல்’ என்பதற்கு இன்று சன்னல் வழியே அடிக்கும் நீர்த்துளி என்றே மாணவர் பொருள் கொள்கின்றனர். பழைய இலக்கியத்திலோ அது மலைச்சரிவைக் குறிக்கும். சரிவைக் குறித்த சொல், சரிவை ஒட்டிப் பெய்யும் மழைக்கும் ஆகிவந்தது. மலை தடுத்துத் தருகிற மழை என்னும் புவியியல் செய்தி முழுவதும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. குற்றாலத்தில் ஆனி, ஆடி மாதங்களைச் சாரல் காலம் என்பர். தைப்பிங்கில் அதே மாதங்களில்தான் மழை குறையும். டுரியான் பழங்கள் சந்தைக்கு வருவதும் அந்நாள்களில்தான்.

இங்கேதான் நம் கட்டுரை மாணவரின் இடர்ப்பாடு விளங்குகிறது. தைப்பிங்கில் மழை ஆண்டுக்கு இருமுறை ஓங்குகிறது. ஐப்பசியை ஒட்டி ஒருமுறை. சித்திரையை ஒட்டி ஒருமுறை. ஐப்பசி மழை தமிழகத்து அடைமழையோடு ஒத்துப்போவதால், தீபாவளி இரு நாடுகளிலும் ஈரமான பண்டிகையாகவே அமைகிறது. தைப்பூசக் காவடிகள் செல்லும் நாள்கள் சற்று வறண்டிருக்கும்; அதிலும் முரண் இல்லை. சித்திரை மட்டும் முற்றிலும் மாறுபடுகிறது. நூல்கள் இளவேனில் என்று கூறும் அத்திங்களில் தைப்பிங் வாசி குடையின்றி வெளியே செல்வதில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதும் தமிழகத்தின் தட்பவெப்பத்தைக் கண்டு வகுக்கப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே பொருத்த முற்படுவது பயனற்றது.

ஆயினும் இலக்கண நூலார் இன்னொன்றையும் வகுத்தனர். நாளைப் பகுத்துச் சிறுபொழுது என்றனர். நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் மாதத்துக்கு மாதம் வெப்பம் மாறுவதைவிட, ஒரே நாளில் பகலுக்கும் இரவுக்கும் இடையே மாறுவது மிகுதி. எனவே பெரும்பொழுது செய்யவேண்டிய வேலையை இந்நாட்டில் சிறுபொழுதே செய்கிறது. தைப்பிங்கின் வைகறையில் மலை தெளிவாய்த் தெரியும். காலையில் ஏரியைச் சுற்றி நடப்போர் கூட்டம். நண்பகலில் முகில் திரளும். எற்பாட்டில் மழை இறங்கும். எல் என்பது ஞாயிறு. பாடு என்பது சாய்தல். மலாய்க்காரர் மரத்துக்கு ஐந்து மணி என்று பெயரிட்டபோது கண்ட வேளையும் ஏறத்தாழ இதுவே. எற்பாடு என்னும் சொல்லைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்த மாணவர், அதைப் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நின்றே காணலாம்.

எற்பாடு நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது. நெய்தலுக்கும் மருதத்துக்கும் தனிப் பெரும்பொழுது ஒதுக்காமல் ஆறும் உரியவை என்று பிற்கால இலக்கணத்தார் விட்டுவிட்டனர். கடற்கரைக்கு ஒரே பருவம் என்று வரையறுக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும். தைப்பிங்கிலிருந்து மேற்கே சில மைல் சென்றால் நெய்தலே கண்முன் விரிகிறது. ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள மாத்தாங் அலையாத்திக் காடு அது. அங்குள்ள பாக்காவு மரங்களை முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டி, குவிந்த கூரையுடைய சூளைகளில் வாரக்கணக்கில் புகையூட்டிக் கரியாக்குகின்றனர். செப்டம்பர் முதல் மார்ச்சு வரை வடபுலத்துப் பறவைகள் சேற்றுவெளிகளில் வந்து தங்கும். பருவம் என்று சொல்லத்தக்கது இங்கே உண்டெனில், இப்பறவைகளின் வரவையே சொல்லலாம். இரவில் படகேறிச் சென்றால் ஆற்றோர மரங்களில் மின்மினிகளைக் காணலாம். மழையில்லா இரவாய்ப் பார்த்துச் செல்லவேண்டும்.

பாக்காவு மரத்துக்குச் சங்கப் புலவர் இட்ட பெயர் கண்டல். இம்மர இனம் ஒன்றின் அறிவியல் பெயரான ‘கண்டேலியா’வும் மலையாள வழக்கிலுள்ள இதே சொல்லிலிருந்து வந்தது. தைப்பிங் மாணவர் ஒருவர் ‘கண்டல் காட்டில் எற்பாட்டு மழை’ என்று எழுதினால் அது செயற்கைத் தமிழ் ஆகாது; கண்டதை எழுதியதாகும்.

இவ்வட்டாரத்து ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். மாணவர் ஒரு மாதம் நாளேடு வைத்து மூன்று செய்திகளை எழுதட்டும்: மழை தொடங்கிய சிறுபொழுது, அது தூறலா, சாரலா, அடைமழையா என்பது, மலை அப்போது தெரிந்ததா, மறைந்ததா என்பது. மழையே பெய்யாத நாளையும் குறிக்கவேண்டும். சித்திரையில் ஒரு மாதமும் ஆனியில் ஒரு மாதமும் எழுதினால் இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரையலாம். ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ உள்ள பள்ளியொன்று அதே நாள்களில் எழுதி ஏடுகளை மாற்றிக்கொள்ளுமானால் இன்னும் நன்று. அங்கே மலை என்னும் மூன்றாம் பத்திக்கு மட்டும் வேறொன்றைத் தேர்ந்துகொள்ள நேரலாம்.