படைமடலின் இலக்கணம்

கடிதம் என்பது எதிரில் இல்லாதவரோடு நிகழ்த்தும் உரையாடல். நேரிற் பேசும்போது, கேட்பவர் முகத்தில் ஐயம் தோன்றினால் சொன்னதை மீண்டும் விளக்கலாம். கடிதத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே, படிப்பவருக்கு எழக்கூடிய ஐயங்களை முன்னரே எண்ணி, அவற்றுக்குரிய விடைகளையும் உடன் எழுதி அனுப்புவது எழுதுவோரின் கடமையாகிறது. நட்புக் கடிதத்தில் இக்கடமை சற்றுத் தளரலாம். அலுவலகக் கடிதத்தில் தளர்ந்தால், மறுகடிதம் எழுதித் திருத்திக்கொள்ளலாம். படைத்தலைவன் எழுதும் மடலில் மட்டும் அத்தளர்ச்சிக்குச் சிறிதும் இடமில்லை; மறுகடிதம் போய்ச் சேருமுன் களத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆணை, அறிக்கை, செய்தி ஆகிய மூன்றையும் ஈண்டுப் படைமடல் என்னும் பொதுப்பெயரால் குறிப்போம். இவற்றின் அமைப்பை முதன்முறை காண்போர்க்கு அது வெறுஞ்சடங்காகத் தோன்றும். பத்திதோறும் எண், பக்கந்தோறும் மறைவுக்குறி, படிக்கு ஓர் எண், நாளுக்கும் மணிக்கும் தனி எழுத்துமுறை! இத்தனையும் எதற்கு? இவ்விதிகள் எத்தகைய இழப்புகளைத் தவிர்க்க எழுந்தவை என்பதற்கு ஜொகூர் மண்ணும் அதன் அண்டை நிலமும் 1942ஆம் ஆண்டில் கண்ட நிகழ்ச்சிகள் தக்க சான்றாகும்.

எழுதியவர் கண்ணும் படித்தவர் கண்ணும்

முதலில் உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். கிரிமியப் போரின்போது, 1854ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், பாலக்கிளாவா என்னுமிடத்தில் ஆங்கிலப் படைத்தலைவர் ராக்லன் பிரபு உயர்ந்த மேட்டில் நின்றார். பகைவர் பீரங்கிகளை இழுத்துச் செல்வது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. குதிரைப்படை விரைந்து சென்று அதனைத் தடுக்கவேண்டும் என ஆணை எழுதி அனுப்பினார். எந்தப் பீரங்கிகள், எத்திசையில் என்று அவ்வாணை தெளிவாகச் சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் நின்று அதனைப் படித்த தலைவர்க்கு மேட்டிலிருந்து காணும் காட்சி தெரியாது. அவர் எதிரே கண்டவை பள்ளத்தாக்கின் கோடியில் அணிவகுத்து நின்ற வேறு பீரங்கிகளே. மடல் கொண்டுவந்த கேப்டன் நோலனும் ஐயத்தைத் தெளிவிக்கவில்லை. ஏறக்குறைய 670 குதிரை வீரர் அப்பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாணையில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எழுதியவர் தாம் கண்டதைப் படிப்பவரும் காண்பதாகக் கொண்டுவிட்டார், அதுவே பிழை.

இதனினும் அணுக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூரில் உண்டு. 1942 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்து தீவின் வடமேற்குக் கரையில் இறங்கினர். அடுத்த நாள் இரவு லெப்டினன்ட் ஜெனரல் பெர்சிவல் தம் உயர் தலைவர்களுக்கு ஒரு மறைமடல் விடுத்தார். மேற்கிலுள்ள ஜூரோங் காப்புக்கோட்டைக் காத்து நிற்க இயலாது போயின், நகரைச் சுற்றி எவ்வெப்படை எங்கெங்கு நிற்கவேண்டும் என்பதை முன்னறிவிக்கும் திட்டம் அது. ஜெனரல் கார்டன் பென்னட்டின் தலைமையகத்திலிருந்து 10ஆம் நாள் அது கீழ்த்தலைவர்களுக்குச் சென்றது. களைத்திருந்த பிரிகேடியர் டெய்லர், அதனை உடனே பின்வாங்குக என்னும் ஆணையாகப் புரிந்துகொண்டு தம் படையைப் பின்னுக்கு நகர்த்தினார். ஜூரோங் காப்புக்கோடு அன்றே கைவிட்டுப் போயிற்று. 'இயலாது போயின்' என்னும் நிபந்தனைக்கும் 'செய்க' என்னும் ஏவலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இலக்கண நூலில் ஒரு விகுதி அளவே. அங்கோ அது ஒரு காப்புக்கோட்டையே விழுங்கிற்று.

இதனால் பெறப்படும் விதி யாது? திட்டத்தையும் ஆணையையும் ஒரே தோற்றமுடைய மடலில் எழுதலாகாது. ஆணையில்லாத மடலின் தலைப்பிலேயே 'இது ஏற்பாடு மட்டும். தனி ஆணை வரும்வரை எவரும் நகரவேண்டா' என்பது பளிச்செனத் தெரியவேண்டும்.

ஐந்து பத்திகள்

இன்று பல நாடுகளின் படைகள் போர்நடவடிக்கை ஆணையை ஐந்து பத்திகளாகப் பகுத்து எழுதுகின்றன. முதற்பத்தி நிலைமை: பகைவர் எங்கே, நம்மவர் எங்கே என்பது. இரண்டாவது நோக்கம்: செய்து முடிக்கவேண்டிய காரியம். மூன்றாவது செயன்முறை: எப்பிரிவு எதனை எப்பொழுது செய்யும் என்பது. நான்காவது நிருவாகம்: உணவு, வெடிமருந்து, ஊர்தி, காயமுற்றோரைக் கொண்டுசெல்லும் வழி. ஐந்தாவது தலைமையும் தொடர்பும்: தலைவர் எங்கிருப்பார், அவர் வீழ்ந்தால் அடுத்தவர் யார், செய்தி எவ்வழி வரும் என்பது.

இவ்வரிசை மாறுவதில்லை. உறக்கமின்றி, மழையில், கைவிளக்கின் சிற்றொளியில் ஆணையைப் பிரிக்கும் ஓர் அதிகாரி தமக்கு வேண்டிய செய்தியைத் தேடி அலையலாகாது. காயமுற்றோர் பற்றிய குறிப்பு நான்காம் பத்தியில் இருக்கும் என்பது அவருக்குப் பழக்கத்தால் தெரியும்.

இவற்றுள் நோக்கமே உயிர்நிலை. ஒரே வாக்கியத்தில், ஐயத்துக்கு இடமின்றி அஃது அமையவேண்டும். களத்தில் செயன்முறை சிதைந்து போகலாம். தொடர்பும் அறுந்து போகலாம். அப்போதும் நோக்கத்தை அறிந்த கீழ்த்தலைவன் தானாகவே ஏற்ற வழியைக் காண்பான்.

ஓர் ஆணையைக் கற்பனையாக எழுதிப் பார்ப்போம்: 'நிலைமை மோசமானால் இயன்றவரை விரைவாகப் பாலத்துக்குப் பின்னால் வந்து சேரவும்.' நல்ல தமிழ்தான். ஆயின் இதனைக் கொண்டு எவரும் செயலாற்ற முடியாது. மோசம் என்று முடிவு செய்பவர் யார்? இயன்றவரை என்பது ஒரு மணியா, ஒரு நாளா? எந்தப் பாலம்? யாருக்குப் பின்னால்? வந்து சேரவேண்டியவர் எவர்? இதனையே இவ்வாறு மாற்றலாம்: 'இரண்டாம் கம்பெனி 28ஆம் நாள் 1800 மணிவரை ஆற்றின் வடகரை மேட்டைக் காக்கும். அதன்பின், எழுத்தாணை கிடைத்தால் மட்டுமே தென்கரைக்குச் செல்லும். கம்பெனி முழுவதும் தென்கரை சேர்ந்ததை அதன் தலைவர் பாலத்துக் காவலருக்கு நேரில் அறிவித்த பின்னரே பாலம் தகர்க்கப்படும்.' சொற்கள் கூடின என்பது மெய்யே. சுருக்கம் என்பது சொற்குறைவு அன்று. வேண்டாத சொல் இன்மையே சுருக்கம்.

தமிழில் எழுவாயைத் தொக்க நிறுத்தி எழுதுதல் இயல்பு. பேச்சுக்கும் கதைக்கும் அஃது அழகு. ஆணைக்கோ அதுவே கேடு. ஆணையின் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்பவர் யார் என்பது வெளிப்படையாக நிற்கவேண்டும்.

காலமும் இடமும்

வள்ளுவர் தூது என்னும் அதிகாரத்தில், தூதுவன் தன் கடமையையும் ஏற்ற காலத்தையும் இடத்தையும் அறிந்து உரைக்கவேண்டும் என்கிறார். படைமடலும் எழுத்து வடிவான தூதே. எனவே காலக்குறிப்பும் இடக்குறிப்பும் அதில் தனிக்கவனம் பெறுகின்றன.

படைமடலில் 281400 என்று எழுதினால், 28ஆம் நாள் பிற்பகல் 2 மணி என்று பொருள். 'நாளை', 'விடிந்ததும்' போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. மடல் ஒருநாள் தாழ்த்துச் சேர்ந்தால் 'நாளை' வேறொரு நாளாகிவிடும். 'செவ்வாய் இரவு' என்பதும் ஐயத்துக்குரியது. நள்ளிரவுக்குப்பின் வரும் பகுதி செவ்வாயைச் சேர்ந்ததா, புதனைச் சேர்ந்ததா? ஆகவே '27/28 இரவு' என இரு நாளும் சேர்த்து எழுதுவர்.

எவ்வூர் நேரம் என்பதும் வேண்டும். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமா போர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் சரணடைந்தபோது, போர் நிறுத்த நேரம் உள்ளூர்க் கடிகாரத்தில் இரவு 8.30, ஜப்பானியர் கைக்கொண்ட தோக்கியோ நேரத்தில் 10 மணி. நேரத்தின் பெயரைச் சொல்லாமல் மணியை மட்டும் எழுதியிருந்தால், அந்த ஒன்றரை மணியில் எத்தனை உயிர் போயிருக்கும்! இக்காலத்தில் நாள்மணிக் குறியோடு ஓர் எழுத்தையும் சேர்க்கின்றனர். 'இசட்' கிரீனிச் நேரத்தையும், 'எச்' அதற்கு 8 மணி முற்பட்ட மலேசிய நேரத்தையும் குறிக்கும்.

இடத்தைக் குறிக்கும்போது வலம், இடம், முன், பின் என்னாது திசைப்பெயராலும், நிலப்படத்தின் கட்ட எண்ணாலும் குறிக்கவேண்டும். தமிழாசிரியர் இங்கே ஒன்றை நினைவு கூரலாம். மேல் என்பது உயரத்தையும் மேற்குத் திசையையும் குறிக்கும். கீழ் என்பது தாழ்வையும் கிழக்கையும் குறிக்கும். 'குன்றின் கீழ்ப்பக்கம் நிற்க' என்றால் அடிவாரத்தில் நிற்பதா, கிழக்கில் நிற்பதா?

பகைவர் அறியாமை

மடல் உரியவருக்கு விளங்குவது போலவே, பகைவர்க்கு விளங்காதிருப்பதும் வேண்டும். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் அரச மடல்கள் மண்பொறி இட்டுச் செல்வதைக் காண்கிறோம். இன்று மறைமொழியும், பக்கத்தின் தலையிலும் அடியிலும் இடும் மறைவுக்குறியும் அப்பணியைச் செய்கின்றன. ஒவ்வொரு படிக்கும் எண்ணிட்டு, எவ்வெண் எவருக்குச் சென்றது எனப் பதிவு செய்தால், ஒரு படி காணாமற் போயின் அது எவர் கையிலிருந்து போயிற்று என்பது தெரிந்துவிடும்.

1942 ஜனவரியில் மூவாரிலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் லெப்டினன்ட் கர்னல் ஆண்டர்சன் தலைமையில் பாரிட் சூலோங் பாலத்தருகே சூழப்பட்டனர். மறைமொழி நூல்கள் முன்னரே அழிக்கப்பட்டுவிட்டன. உணவும் மருந்தும் வானிலிருந்து இடவேண்டும் என வெளிப்படையான மொழியிலேயே கம்பியில்லாத் தந்தியில் கேட்க நேர்ந்தது. ஜெனரல் பென்னட் அனுப்பிய மறுமொழி, விடியற்பொழுதுக்கு ஆஸ்திரேலியர் கொச்சையாக வழங்கும் ஒரு சொல்லைக் கொண்டு, அந்நேரத்தில் வானத்தைப் பார்க்கச் சொன்னது. ஆங்கிலம் கற்ற ஜப்பானியரும் அகராதியில் காணமுடியாத சொல் அது. 22ஆம் நாள் விடியலில் விமானங்கள் வந்து உணவும் மருந்தும் இட்டன. ஆயினும் படை தப்ப இயலவில்லை. நடக்க முடிந்தோர் சதுப்பு நிலத்தினூடே சென்றனர். விட்டுச்செல்ல நேர்ந்த காயமுற்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

சென்று சேராத செய்தி

எத்துணை நன்றாக எழுதப்பட்டாலும், சேராத மடல் எழுதாத மடலே. இதற்குச் சான்று லாயாங் லாயாங்.

குளுவாங்கிலிருந்து ரெங்கம் வழியாகத் தெற்கே செல்லும் தொடர்வண்டிப் பாதையை ஒட்டி, 1942 ஜனவரி இறுதியில் 9ஆம் இந்திய டிவிஷன் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதன் 22ஆம் பிரிகேடு வடக்கே நின்றது. 8ஆம் பிரிகேடு அதற்குப் பின்னே, தெற்கில் நின்று காக்கவேண்டும். ஆனால் 8ஆம் பிரிகேடு குறித்த இடத்தையும் கடந்து பின்சென்றது. 27/28 இரவில் லாயாங் லாயாங் அருகே இருந்த தொடர்வண்டிப் பாலம் உரிய வேளைக்கு முன்பே தகர்க்கப்பட்டது. அப்பாலத்தோடு தந்திக் கம்பியும் அறுந்தது. 22ஆம் பிரிகேடுக்குச் செய்தி செல்லும் வழி அது ஒன்றே. இடையிலிருந்த வெற்றிடத்தில் ஜப்பானியர் புகுந்தனர். டிவிஷன் தலைவர் மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ, நிலைமையை நேரில் அறிய 28ஆம் நாள் உடைந்த பாலத்தைக் கடந்து நடந்தார், சுடப்பட்டு மாண்டார். செய்தி செல்லாத இடத்துக்குத் தாமே செய்தியாகச் சென்றார் எனலாம். 22ஆம் பிரிகேடு காட்டுக்குள் நுழைந்து வழிகாணாது அலைந்தது. ஜனவரி 31ஆம் நாள் காலை ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டபோது அது வந்து சேரவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் எஞ்சியோருட் பெரும்பாலோர் பிடிபட்டனர்.

இதனாலேயே, ஆணையின் இறுதியில் 'பெற்றமைக்கு ஒப்பளிக்க' என்னும் குறிப்பை இடுகின்றனர். ஒப்புகை திரும்பும்வரை ஆணையிட்டவர் தம் கடமை முடிந்ததாகக் கொள்ளலாகாது. ஒரே கம்பியை நம்பாது, தொலைபேசி, கம்பியில்லாத் தந்தி, ஆள் எனப் பலவழி வகுப்பதும் இதற்காகவே.

பொறுப்பை இவ்வாறு எழுத்தில் நிறுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தி லெய்டன் செப்பேட்டில் உள்ளது. சோழர் ஆவணங்களில் அரசன் வாய்மொழியைக் கேட்டவர், அதனை எழுதிய திருமந்திர ஓலை, ஒப்பு நோக்கிய திருமந்திர ஓலை நாயகம், வரிப்புத்தகத்தில் பதிந்தவர் எனப் படிப்படியாக அலுவலர் குறிக்கப்படுகின்றனர். அரசன் சொன்னது ஒன்று, ஊரார் பெற்றது வேறொன்று என்னும் நிலை நேராதவாறு காத்த ஏற்பாடு அது.

வகுப்பறையில்

நம் பள்ளிகளில் கடிதம் எழுதும் பாடம் பெரும்பாலும் முகவரி, விளிப்பு, கையொப்பம் ஆகியவற்றின் இடத்தைக் கற்பிப்பதோடு நின்றுவிடுகிறது. அவை ஏன் அவ்விடத்தில் நிற்கின்றன என்பதையும் கற்பித்தல் நன்று. அதற்கு எளிய பயிற்சி உண்டு. மாணவன் ஒருவன் தோட்டத்து வரைபடத்தைப் பார்த்து, ஒரு பொருளை எங்கே, எப்போது, எவரிடம் சேர்க்கவேண்டும் என ஐந்து வரிகளில் எழுதட்டும். மற்றொருவன் எழுதியவனிடம் எதுவும் கேளாது, அவ்வெழுத்தை மட்டும் நம்பி அதனைச் செய்யட்டும். அவன் தயங்கி நிற்கும் இடத்தில் எந்தச் சொல் குறைந்தது என்பதை எழுதியவனே கண்டறிவான். சிவப்பு மையால் ஆசிரியர் இடும் திருத்தத்தினும் அது ஆழமாகப் பதியும்.