எண்ணும் பிணியும் – 9: விலாசத்தின் மகிமை

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் அந்தி வேளையில், லாரிகளில் தகடு ஏற்றி முடித்துத் தேநீர்க் கடையில் கூடும் தொழிலாளரிடம் நான் பலமுறை கேட்ட பேச்சு ஒன்று உண்டு: மணலிப் புகையையும் எண்ணூர்ச் சாம்பலையும் சுவாசித்து வாழும் நம் பக்கத்து ஜனங்களைத்தான் புற்றுநோய் அதிகமாகப் பிடிக்கிறது என்பது. அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வராது. ஆயினும் அது மெய்யா என்று நிர்ணயிக்க வேண்டுமானால், எத்தனை பேருக்கு நோய் கண்டது என்பதோடு, எத்தனை பேர் நடுவே கண்டது என்பதும் தெரிந்தாக வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வைத்தியர், எவ்வளவு அனுபவசாலியாயினும், தம்மிடம் வந்தவர்களையே அறிவார். வேறிடம் போனவர்களையும், எங்கும் போகாமலே மாண்டவர்களையும் விசாரிப்பது புள்ளியியலாளரின் காரியம்.

சென்ற வாரம் பம்பாயில் 1963-ல் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பிரயத்தனத்தால் 1954-ல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் ஆஸ்பத்திரி, டாக்டர் சாந்தா அம்மையாரின் காலத்தில், 1982 முதல் சென்னை நகருக்கும் அத்தகைய பதிவேடு ஒன்றை நடத்தலாயிற்று. இந்நோயை அறிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லாமையால், ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று கேஸ் தாள்களைப் புரட்டி, மாநகராட்சியின் மரணப் பதிவுகளோடும் ஒத்துப் பார்த்தார்கள். ஸ்டான்லியில் 'கே. லட்சுமி' என்றும், பெரிய ஆஸ்பத்திரியில் 'லட்சுமியம்மாள்' என்றும் எழுதப்பட்ட ஸ்திரீ ஒருவரா இருவரா என்று தீர்மானிக்க வயதும் விலாசமுமே துணை. அதிலே பிசகினால் ஒரே நோயாளி இரண்டாகிவிடுவார்.

அந்தப் பதிவேட்டின் எல்லை மாநகராட்சியின் எல்லை. சாத்தாங்காடு அடங்கிய திருவொற்றியூரோ 2011 வரை தனி நகராட்சி. ஆகவே இராயபுரத்துக்காரர் கணக்கில் ஏறினார். அதே வார்டில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த சாத்தாங்காட்டுக்காரர் ஏறவில்லை. நம்மவருக்கு இது அநீதியாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் நகரத்து ஜனத்தொகையைக் கீழே வைத்துக்கொண்டு, நகரத்துக்கு வெளியே வாழ்கிறவரை மேலே சேர்த்து வகுத்தால் கிடைப்பது பொய்க் கணக்கு. மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டம் 2012-ல்தான் தொடங்கிற்று.

வைத்தியம், புள்ளியியல் என்ற இவ்விரு சாஸ்திரங்களும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்குத் திண்டுக்கல் ஜில்லாவே சாட்சி. கர்ப்பப்பை வாயில் காடி அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை உயிர் காக்குமா என்றறிய, டாக்டர் சங்கரநாராயணனும் புள்ளியியல் அறிஞர் சுவாமிநாதன் உள்ளிட்ட பிறரும் 2000-ல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கி, 114 தொகுதிகளைத் திருவுளச்சீட்டுப் போலப் பிரித்து, பாதிக்குச் சோதனையும் பாதிக்கு வழக்கமான வைத்தியமும் என விதித்தார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 31,343 பேர் பயிற்சி பெற்ற நர்சுகளிடம் சோதனை செய்துகொண்டார்கள். பின்னர் யாருக்கு நோய் கண்டது, யார் மாண்டார் என்பதைக் காட்டியது அந்த ஜில்லாவின் அம்பிளிக்கைப் புற்றுநோய்ப் பதிவேடு. 2007-ல் வெளியான முடிவின்படி, சோதனைக்குரிய தொகுதிகளில் நோய் காண்பது 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. வைத்தியர்கள் மட்டுமோ கணிதர்கள் மட்டுமோ இதை நிரூபித்திருக்க முடியாது.

நம் சாத்தாங்காட்டுச் சந்தேகமும் ஒருநாள் இவ்வாறே தீர வேண்டும் என்பது என் விருப்பம். புற்று வெளிப்படப் பல வருஷங்கள் பிடிக்குமாதலால், நோயாளி எங்கே இருக்கிறார் என்பதோடு, எத்தனை காலமாக இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். எனவே ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுபவர் விலாசம் கேட்கும்போது, 'மெட்ராஸ்' என்று சொல்லி நிறுத்திவிடாமல், கதவு எண், தெரு, சாத்தாங்காடு என்று முழுமையாகச் சொல்லுங்கள். எத்தனை வருஷமாக வசிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.