வலிக்கு என்ன வேலை?

1869 ஏப்ரலில் லண்டனின் 'குவாட்டர்லி ரெவ்யூ' இதழில் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினைப் போலவே தானும் தனியாகக் கண்டடைந்தவர் வாலஸ். இருவரின் ஆய்வுகளும் 1858 ஜூலை 1 அன்று லின்னியன் சங்கத்தில் ஒரே அமர்வில் வாசிக்கப்பட்டன. அதே வாலஸ்தான், மனித மூளைக்கு மட்டும் இந்த விதி போதாது என்று இப்போது எழுதினார். வேட்டையாடி வாழும் மனிதனின் மூளையும் கணிதமும் இசையும் பயின்ற ஐரோப்பியனின் மூளையும் ஏறத்தாழ ஒரே அளவுதான். அன்றாடப் பிழைப்புக்குத் தேவைப்படாத திறனை இயற்கைத் தேர்வு முன்கூட்டியே செய்து வைத்திருக்காது. ஆகவே மேலான ஓர் அறிவு இதை வழிநடத்தியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். டார்வின் தன் பிரதியில் 'இல்லை' என்று எழுதி மூன்று முறை அடிக்கோடிட்டார். கட்டுரை வருவதற்கு முன்பே, நம் இருவரின் பிள்ளையை நீங்கள் அடியோடு கொன்றுவிட்டிருக்க மாட்டீர்கள் என நம்புகிறேன் என்று வாலஸுக்குக் கடிதமும் போட்டிருந்தார்.

வாலஸ் அசையவில்லை. 1889இல் 'டார்வினிசம்' நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். மனித அறிவு மட்டுமல்ல, விலங்குகளிடம் முதன்முதலாக உணர்வு தோன்றியதற்கும் பரிணாமத்துக்கு வெளியே வேறொரு காரணம் வேண்டும் என்றார். பிரக்ஞையும் சுய விருப்பமும் பரிணாமத்தால் வந்தவையா என்று இன்று கேட்கிற எல்லோரும் வாலஸின் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் பாதிக்கும் மேல் பதில் கிடைத்துவிட்டது என்பது என் கருத்து.

டார்வினின் தளபதியாக விளங்கிய டி.ஹெச். ஹக்ஸ்லி 1874இல் ஒரு வாதம் வைத்தார். நீராவி எஞ்சினின் ஊதல் சத்தம் போடும், ஆனால் வண்டியை நகர்த்தாது. பிரக்ஞையும் அப்படித்தான், மூளை வேலை செய்யும்போது கூடவே எழும் சத்தம், அவ்வளவே என்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவிலிருந்து உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதற்குப் பதில் கொடுத்தார். உணர்வுக்கு ஒரு வேலையும் இல்லையென்றால், நெருப்பு ஏன் சுட வேண்டும், பசிக்கிறபோது சோறு ஏன் ருசிக்க வேண்டும்? தலைகீழாக இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காதே! உடம்புக்குக் கேடானது வலிக்கிறது, நல்லது இனிக்கிறது. இந்தப் பொருத்தம் தற்செயலாக வந்திருக்க முடியாது. உணர்வு நடத்தையை மாற்றுகிறது. அதனால்தான் இயற்கைத் தேர்வு அதைச் செதுக்க முடிந்தது. ஏறத்தாழ 150 ஆண்டுகளாகியும் இதைவிடக் கூர்மையான வாதத்தை நான் படித்ததில்லை.

வலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2006இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, வடக்குப் பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணல் மேல் நடப்பான், எதுவும் வலிக்காது. ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே, பதினான்காம் பிறந்த நாளன்று, கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் இதே நிலையில் இருந்தவர்களுக்குத் தொடுவது தெரியும், சூடும் குளிரும் தெரியும். வலி மட்டும் தெரியாது. சின்ன வயதிலேயே உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். எஸ்சிஎன்9ஏ என்ற ஒரே மரபணுவில் இருந்த கோளாறுதான் காரணம். நரம்பில் சமிக்ஞையே கிளம்பாததால் வந்த நிலை இது. ஆகவே உணர்வின் பயனை மட்டும் இது தனியே பிரித்துக் காட்டவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான்.

அந்த மறுப்பை எதிர்கொள்ள ஒரு துறவி நண்டு உதவுகிறது. காலி நத்தைக்கூட்டுக்குள் பின்னுடலை நுழைத்துக்கொண்டு வாழும் சிறு நண்டு அது. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட்டும் மிர்யம் அப்பெலும் கூட்டில் துளை போட்டு, மெல்லிய கம்பி வழியே அதன் வயிற்றில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சில நண்டுகள் கூட்டைவிட்டு வெளியே வந்தன. தமக்குப் பிடிக்காத வகைக் கூட்டில் இருந்தவை அதிகம் வெளியேறின. பிடித்த கூட்டில் இருந்தவை பொறுத்துக்கொண்டன. அதிர்ச்சிக்குப் பிறகும் உள்ளேயே இருந்துவிட்ட நண்டுகளுக்கு வேறொரு கூட்டைக் காட்டினால், வழக்கத்தைவிடக் குறைவாகவே தடவிச் சோதித்துவிட்டு அவசரமாகப் போய் நுழைந்துகொண்டன. இது 2009இல் வெளியானது. 2016இல் வந்த இன்னொரு ஆய்வில், எதிரியின் வாடை நீரில் கலந்திருந்தபோது அதே அதிர்ச்சிக்கு நண்டுகள் கூட்டைவிட்டுக் கிளம்பத் தயங்கின.

சூடு பட்டதும் கை வெடுக்கென்று பின்வாங்குவது அனிச்சைச் செயல். அதற்கு யோசனை தேவையில்லை. நண்டு செய்தது வேறு. வலியையும் வீட்டையும் எதிரியையும் ஒரே தராசில் போட்டு நிறுத்திருக்கிறது. ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத தேவைகளை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வர, 'இது மோசம், இது பரவாயில்லை' என்ற பொது அளவு வேண்டும். வலி அந்த அளவாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். சுய விருப்பத்தின் வேரும் இப்படி எடைபோட்டு முடிவெடுப்பதில்தான் இருக்கிறது.

ஆனால் சுய விருப்பம் என்றதும் பலரும் தூக்கிக்கொண்டு வருவது நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983ஆம் ஆண்டு சோதனையை. பங்கேற்றவர்களைத் தமக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கச் சொன்னார். அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்பதை, 2.56 நொடிக்கு ஒருமுறை சுற்றும் ஒளிப்புள்ளியைப் பார்த்துக் குறிக்கச் சொன்னார். மூளையின் மின் அலை அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிநொடி முன்பே எழுந்தது. எண்ணமோ 200 மில்லிநொடி முன்புதான் வந்தது. மூளை முடிவெடுத்துவிட்டு நமக்குப் பிறகு தகவல் சொல்கிறது, விருப்பம் வெறும் மாயை என்று பலர் எழுதித் தள்ளினார்கள். 2012இல் ஆரன் ஷுர்கரும் சகாக்களும் அதே மின் அலைக்கு வேறு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் இரைச்சல் தற்செயலாக ஓர் எல்லையைத் தொடும்போதுதான் கை அசைகிறது. பின்னோக்கிச் சராசரி எடுப்பதால் அது முன்கூட்டிய முடிவு போலத் தெரிகிறது. 2019இல் யூரி மாவோஸ் குழு, 1000 டாலரை எந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது என்று உண்மையாகவே தீர்மானிக்கச் சொல்லிச் சோதித்தது. யோசித்து எடுத்த முடிவுகளில் அந்த மின் அலை காணப்படவே இல்லை. மணிக்கட்டை ஆட்டுவதை வைத்து வாழ்க்கையின் முடிவுகளைப் பற்றித் தீர்ப்பு எழுதியது பெரிய பிழை.

2023இல் நரம்பியலாளர் ராபர்ட் சபோல்ஸ்கி, நம் முடிவுகள் எல்லாம் மரபணுவும் வளர்ப்பும் சூழலும் ஏற்கெனவே தீர்மானித்தவை என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் டப்ளினின் கெவின் மிட்செல், உயிரினங்கள் காரணங்களை எடைபோடும் திறனைப் பரிணாமமே படிப்படியாகக் கட்டியது என்று எழுதினார். நான் மிட்செல் பக்கம். காரணமே இல்லாத விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. நான் எடைபோட்டதால்தான் முடிவு இப்படி ஆனது என்றால், அது என் முடிவுதான்.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. எடைபோடுவதை ஒரு கருவியும் செய்யலாமே, உள்ளே ஏன் 'வலிக்கிறது'? தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995இல் கடினமான பிரச்சினை என்று பெயரிட்டது இதைத்தான். 25 ஆண்டுகளுக்குள் மூளையில் பிரக்ஞையின் தெளிவான தடயம் கிடைத்துவிடும் என்று 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் அவரிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். இயற்கைத் தேர்வு பிரக்ஞை ஏன் நிலைத்தது என்பதைச் சொல்கிறது. சதையிலிருந்து அது எப்படிக் கிளம்புகிறது என்பதை மட்டும் சொல்லிவிடாது. அது நரம்பியல் தீர்க்க வேண்டிய கணக்கு. விடை வராத இடத்தில் மேலான அறிவைக் கொண்டுவந்து வைத்தது வாலஸின் தவறு.

பிரக்ஞை படிப்படியாக வந்தது என்று ஏற்றுக்கொண்டால், அது நம்மோடு நின்றிருக்காது என்பதையும் ஏற்க வேண்டும். பிரிட்டன் 2022இல் நண்டு, கல் இறால், ஆக்டோபஸ் ஆகியவற்றை உணர்வுள்ள உயிர்கள் என்று சட்டத்தில் சேர்த்தது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதன் தவிர்த்த எந்த உயிரையும் 'விலங்கு' என்றே வரையறுக்கிறது. உணவுக்காகக் கொல்வதை அது தடுக்கவில்லை. தேவையற்ற வதை கூடாது என்கிறது. நண்டை உயிரோடு கொதிநீரில் போடும் உணவகங்களிடம் கேள்வி கேட்க அந்தச் சட்டமே போதும். கேளுங்கள்.