தலையணைக்குள் ஒரு தும்மல்!

காலையில் கண் விழித்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. கண் அரிக்கிறது. குளித்து, காபி குடித்து, ஆபீசுக்குக் கிளம்பி வெளியே வந்தால் எல்லாம் தானாக அடங்கிவிடுகிறது. ராத்திரி படுக்கையில் சாய்ந்ததும் மறுபடி மூக்கடைப்பு!

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருக்கிறதா? அப்படியானால் தெருப் புழுதியையும் பஸ் புகையையும் திட்டுவதற்கு முன்னால், ஒரு தரம் உங்கள் தலையணையைப் பாருங்கள்.

யார் இந்த விருந்தாளி?

அதற்குள் குடியிருப்பவர் பெயர் ‘டஸ்ட் மைட்’. நாம் தூசி உண்ணி என்று சொல்வோம். சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம்; எட்டுக் கால். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் கண்ணில் படாது. கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து தினமும் உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர்? காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். சாப்பாடு, கதகதப்பு, ஈரம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது எங்கே? நாம் ராத்திரி முழுக்க வியர்த்துப் படுத்திருக்கும் மெத்தையிலும் தலையணையிலும்தான்.

வீட்டுத் தூசி சிலருக்கு ஆகாது என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அந்தத் தூசியில் முக்கியக் குற்றவாளி இந்த உண்ணிதான் என்பதை 1964-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹார்ஸ்ட் என்பவரின் குழு எடுத்துக் காட்டியது. நான் படித்த பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான்! நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது முக்கியமாக அதன் எச்சத்தில் உள்ள புரதம். அது மூக்கில் பட்டால் தும்மல். மூச்சுக்குழல் வரை போனால் இரைப்பு.

"எங்க வீட்ல தூசியே கிடையாது தம்பி!"

காரைக்குடிப் பக்கத்து ஆச்சிமார் வழக்கமாகச் சொல்வது இது. "தினம் ரெண்டு வேளை பெருக்கித் துடைக்கிறோம். ஆத்தங்குடிக் கல்லுல மொகம் பாக்கலாம். பேரனுக்கு எப்படி தூசி அலர்ஜி வரும்?"

ஆச்சி சொல்வது நிஜம்தான். வழவழப்பான அந்தத் தரையில் உண்ணி தங்க இடமில்லை. ஆனால் பேரன் படுப்பது தரையிலா? அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தையில்! உண்ணியின் எச்சத் துகள் கனமானது. உதறினால் கிளம்பும், சிறிது நேரத்தில் படிந்துவிடும். கூடத்தில் நடப்பவரை அது அவ்வளவாகத் தொடாது. தலையணையில் முகம் புதைத்துத் தூங்குபவருக்கோ ராத்திரி முழுக்க மூக்குக்கு நேரே அதுதான்.

நம் ஊரில் இன்னொரு சங்கதி. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறியிருக்கும். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கோ, தையில் கல்யாணத்துக்கோ கதவைத் திறந்து, சாமான் அறையிலிருந்து மெத்தையையும் டிரங்குப் பெட்டியிலிருந்து கம்பளியையும் எடுத்து அப்படியே விரித்துவிடுவோம். விடிவதற்குள் வீடு முழுக்கத் தும்மல். உண்ணியோடு பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். நாலு நாள் முன்னதாகவே வீட்டைத் திறந்து காற்றாட விடுங்கள். அந்த வேலையை இரைப்பு உள்ளவர் செய்யக்கூடாது. செய்பவரும் மூக்கு, வாயை மூடிக் கட்டிக்கொள்ளட்டும்.

வெயில் என்ற வைத்தியர்

நம் முன்னோர் வீட்டு நடுவில் வளவு வைத்துக் கட்டியது நமக்கு எவ்வளவு வசதி! 1994-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் விரிப்புகளை நேரடி வெயிலில் போட்டுப் பார்த்து, உண்ணிகள் செத்துப்போவதைக் கண்டார்கள். நம் சித்திரை வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் ஒன்று: வெயில் உண்ணியைக் கொல்லும், எச்சத்தை அகற்றாது. அதற்குத் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததைக் காயவைத்த பிறகு வீட்டுக்கு வெளியே தட்டி உதற வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை:

* தலையணை உறை, படுக்கை விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். 60 டிகிரி சூடு வேண்டும்; அதாவது கை வைக்க முடியாத சூடு. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

* மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த அலர்ஜி உறை போடுங்கள். வசதிப்படாவிட்டால் கோரைப்பாய் நல்லது. அடிக்கடி உதறி வெயிலில் போட்டால் அதில் உண்ணி பதுங்க ஆழமில்லை.

* கரடி பொம்மையோடு தூங்கும் குழந்தையா? பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு துவையுங்கள்.

* துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். மின்விசிறி இறக்கையையும் துடையுங்கள். அப்போதும் அதற்கப்புறம் அரைமணி நேரமும் அலர்ஜிக்காரர் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

* தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் அறையில் ஈரத்தைக் கூட்டும். படுக்கை அறைக்கு அது வேண்டாம்.

* சாம்பிராணி போட்டால் உண்ணி ஓடிவிடும் என்று நம்பாதீர்கள். புகை இரைப்பைத்தான் கிளப்பும். கொசுவர்த்திச் சுருளும் அப்படியே.

இதில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எல்லாவற்றையும் சேர்த்து, விடாமல் செய்ய வேண்டும்.

மருந்து எப்போது?

படுக்கையைச் சுத்தம் செய்தும் தொல்லை நீடித்தால் டாக்டரிடம் போங்கள். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையிலோ, ரத்தப் பரிசோதனையிலோ எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். தும்மலுக்கும் அரிப்புக்கும் மாத்திரை உண்டு. சிலருக்கு அது தூக்கம் வரவழைக்கும். வண்டி ஓட்டுபவர் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, சொன்னபடி தினமும் அடித்தால்தான் வேலை செய்யும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் தொடராதீர்கள். விட்டதும் அடைப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். உண்ணிப் புரதத்தையே சிறிது சிறிதாக ஊசியாகவோ நாக்கின் அடியிலோ கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அது சுமார் மூன்று வருஷம் பிடிக்கும். நிபுணரிடம்தான் செய்துகொள்ள வேண்டும்.

சித்த மருத்துவத்தில் இந்த மூக்கொழுகலை நீர்ப்பீனிசம் என்போம். கபத்தைத் தணிக்கத் தாளிசாதி சூரணம், ஆடாதோடை மணப்பாகு, தூதுவளை போன்றவற்றை ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்போம். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற சத்தை முன்மாதிரியாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தையே உருவாக்கினார்கள். ஆனாலும் மூலிகைதானே என்று அலட்சியம் வேண்டாம். கர்ப்பிணிகள் ஆடாதோடை சாப்பிடக்கூடாது. நொச்சி ஆவி பெரியவர்களின் மூக்கடைப்புக்குச் சுகம் தரும். சின்னக் குழந்தைகளுக்கு வெந்நீர்ப் பாத்திரமே ஆபத்து. லேபிள் இல்லாத பொட்டலத்தில் ‘ஒரே வாரத்தில் குணம்’ என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

என்னிடம் வரும் பெற்றோர் சிலர் பெருமையாகச் சொல்வார்கள்: "இன்ஹேலரை நிறுத்திட்டோம் டாக்டர், பழக்கமாயிடும்னு பயம். இனி சித்த மருந்து மட்டும்தான்." கேட்கும்போதே எனக்குப் பகீர் என்கிறது. இன்ஹேலர் போதை மருந்து அல்ல. மருந்து நேராக மூச்சுக்குழலுக்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதும். தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலரைத் திடீரென்று நிறுத்தினால், ஒரு ராத்திரியில் இரைப்பு உயிருக்கே உலை வைக்கலாம். சித்த மருந்து சாப்பிடுங்கள். இன்ஹேலரைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அதை எழுதிக்கொடுத்த டாக்டர் முடிவு செய்யட்டும். இரண்டு பேருக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கு இடையே சதை உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், இன்ஹேலர் அடித்தும் அடங்காவிட்டால் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி இன்ஹேலரைக் கொடுங்கள்.