இரண்டு மரம், ஒரு படுக்கை

ஹேமக் என்பது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கை. தமிழ் வீடுகளின் தூளிக்கு இது தூரத்து உறவு. தூளியின் இரு முனைகளும் உத்தரத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேரும். ஹேமக்குக்கு முனைக்கொரு மரம் வேண்டும். சொல் கரீபியன் தீவுகளின் தாயினோ மக்களுடையது. 1492இல் பஹாமாஸ் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்குள்ளவர்கள் பருத்தி வலையைக் கட்டி அதில் தூங்குவதைப் பார்த்துக் குறித்துவைத்தார். பிறகு ஐரோப்பிய மாலுமிகள் அதைக் கப்பலுக்குள் கொண்டுபோனார்கள். இன்று அமெரிக்காவில் முகாமுக்குப் போகிறவர்கள் எடுத்துச்செல்வது மெல்லிய நைலானில் தைத்தது, 3.3 மீட்டர் நீளத் துணி, சுருட்டினால் ஒரு தேங்காய் அளவுக்குள் அடங்கிவிடும். இதில் பழகியவர்கள் பத்து, இருபது பேராகச் சேர்ந்து மாநிலப் பூங்கா ஒன்றில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை தங்குவதை ‘ஹேங்’ என்கிறார்கள்.

கூடாரம் போடுபவர் கல்லும் வேரும் இல்லாத சமதரையைத் தேடுவார். ஹேமக்காரருக்குத் தரை சரிவாக இருந்தாலும் சரி, சேறாக இருந்தாலும் சரி. 4 முதல் 5 மீட்டர் இடைவெளியில், உயிரோடிருக்கிற, குறைந்தது 15 செ.மீ. விட்டமுள்ள இரண்டு மரங்கள் கிடைத்தால் போதும். தனி ஆளுக்கு இது எங்கும் கிடைக்கும். பதினைந்து பேருக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. இடத்தைப் பதிவு செய்வதிலிருந்து குறட்டைக்காரரை எந்த ஓரத்தில் தள்ளுவது என்பது வரை, ஏற்பாட்டின் ஒவ்வொரு முடிவும் இந்தக் கேள்வியிலிருந்து கிளம்புகிறது.

பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் நகரிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள பைன் குரோவ் ஃபர்னஸ் மாநிலப் பூங்காவை எடுத்துக்கொள்ளலாம். பெயரில் இருக்கும் ‘ஃபர்னஸ்’ இரும்பு உருக்கும் உலை. 1764இல் தொடங்கிய உலை 1895 வரை எரிந்தது. எரித்தது மரக்கரியை. அக்காலத்து உலை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு ஏக்கர் காடு வேண்டியிருந்தது என்பார்கள். அப்படி மொட்டையான மலைகளை 1913இல் மாநில அரசு வாங்கியது. இன்று அங்கே நிற்கும் ஓக், மேப்பிள், பைன் மரங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்த இரண்டாம் தலைமுறை. ஹேமக் கட்ட இதைவிடத் தோதான பருமன் அமைவது அரிது. இரும்புத்தாது வெட்டிய பள்ளத்தில் ஊற்றுநீர் நிறைந்து ஃபுல்லர் ஏரி ஆகிவிட்டது. கோடையில் அதில் நீந்துகிறார்கள். ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை இந்தப் பூங்கா வழியாகவே போகிறது. அதன் பாதித்தூரப் புள்ளி பக்கத்தில்தான். பாதி கடந்த மகிழ்ச்சியில், பூங்காவின் கடையில் அரை கேலன் ஐஸ்கிரீமை ஒரே அமர்வில் தின்று தீர்ப்பது நடையர்களிடையே பழைய சடங்கு. அரை கேலன் என்றால் கிட்டத்தட்ட 1.9 லிட்டர்; பட்டினியோடு மலையேறியவர்களால் மட்டுமே ஆகிற காரியம்.

பென்சில்வேனியாவின் மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. இரவு தங்கத்தான் பணம். தங்குமிடத்தை 11 மாதம் முன்பாகவே பதிவு செய்யலாம். இலைகள் சிவக்கும் அக்டோபர் வார இறுதிகள் வேகமாக நிரம்பிவிடும். குழுவாகப் போகிறவர்களுக்கு இரண்டு வழி. அடுத்தடுத்துள்ள தனி முகாமிடங்கள் நாலைந்தை எடுக்கலாம், அல்லது குழுக்களுக்கென்றே ஒதுக்கிய பகுதியை மொத்தமாக எடுக்கலாம். தனி இடங்களில் தண்ணீரும் கழிப்பறையும் அருகில் இருக்கும். ஆனால் உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டிகள் வந்து நிற்பதற்காக மரங்களை வெட்டி ஜல்லி பரப்பிய இடங்கள் அவற்றில் நிறைய. குழுப்பகுதியில் வசதி குறைவு, மரம் அதிகம். இணையத்தில் கிடைக்கும் வரைபடம் இடத்தின் எண்ணையும் மின்இணைப்பையும் காட்டும், மரத்தைக் காட்டாது. ஆகவே குழுவில் ஒருவர் முன்கூட்டியே ஒரு நாள் நேரில் போய், கையில் அளவுநாடாவோடு நடந்து வருவது வீண்வேலை அல்ல. எண்ணும்போது ஒரு சலுகை உண்டு: முக்கோணமாக நிற்கும் மூன்று மரங்களில் மூன்று ஹேமக் கட்டலாம், ஒவ்வொரு மரமும் இரண்டு பேருக்குப் பங்கு. பதினைந்து பேருக்கு முப்பது மரம் தேவையில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக மாடிவீடு போலக் கட்டுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். மேலிருப்பவர் விழுந்தால் இரண்டு பேருக்கு அடி.

நேரில் போகும் அன்றே பூங்கா அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி, மரத்தில் கட்ட அனுமதி உண்டா என்பது. அமெரிக்காவில் இதற்கு ஒரே விதி கிடையாது. சில பூங்காக்கள் அகலமான வார் போட்டால் அனுமதிக்கும், சில மரத்தில் எதையும் கட்டவே விடாது. காரணம் மரப்பட்டைக்குள் இருக்கிறது. பட்டைக்குச் சற்று அடியில், மரம் பருத்து வளர்வதற்கான உயிரணுக்களின் மெல்லிய அடுக்கு ஒன்று ஓடுகிறது. மெல்லிய கயிற்றில் ஒரு ஆளின் எடை தொங்கினால் கயிறு பட்டையை அரிந்து அந்த அடுக்கை நசுக்கும். ஒரு இரவில் மரம் சாகாது. ஆனால் ஒரே முகாமிடத்தில் வாராவாரம் ஒருவர் கட்டினால் காயம் ஆறவே நேரமிருக்காது. பீச் மரத்தின் வழவழப்பான தோல் இதற்கு மிகவும் இளைத்தது. அதில் காதலர்கள் கீறிய எழுத்து ஐம்பது வருடம் கழித்தும் தெரியும். ஆகவே குறைந்தது 2.5 செ.மீ. அகலமுள்ள பாலியஸ்டர் வார்தான் எங்கும் வழக்கம், 5 செ.மீ. இருந்தால் இன்னும் நல்லது. நைலான் வார் எடை ஏறினால் நீளும். படுத்தவர் நள்ளிரவில் தரையைத் தொடுவார்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு ஹேமக்கை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. தட்டையாக இருந்தால் வசதி என்று தோன்றும்; நடப்பது நேர்மாறு. வார் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கும்போது, 80 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு வாரிலும் 80 கிலோ இழுவிசை. சாய்வை 10 டிகிரியாகக் குறைத்தால் அது 230 கிலோ ஆகிறது. 5 டிகிரியில் 450ஐத் தாண்டிவிடும். ஆள் அதே ஆள்தான். கோணம்தான் வாரையும் கொக்கியையும் மரத்தையும் சோதிக்கிறது. கோணமானி தேவையில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஆங்கில ‘L’ போல விரித்து, ஆள்காட்டி விரலைக் கிடைமட்டமாக நீட்டினால், இரு விரல்நுனிகளையும் சேர்க்கும் கோடு ஏறத்தாழ 30 டிகிரி காட்டும். அந்தக் கோட்டோடு வார் ஒத்துப்போனால் சரி. நடைமுறையில் வாரைத் தலை உயரத்துக்குக் கட்டி, உட்கார்ந்தால் நாற்காலி உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 45 செ.மீ. அளவில் துணி நிற்குமாறு தளர்த்த வேண்டும். பிறகு துணியின் நடுக்கோட்டில் படுக்காமல் மூலைவாட்டில் படுக்க வேண்டும். தலை ஒரு பக்கம், கால் எதிர்ப்பக்கம் போனால் வாழைப்பழம் போல வளைந்த முதுகு நேராகிவிடும். ஹேமக்கில் முதுகு வலித்தது என்று புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் நடுக்கோட்டில் படுத்தவர்கள்.

மரத்தின் உடல்நிலை இன்னொரு விஷயம், இதில் சமரசமே கூடாது. 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஒன்று கிழக்கு அமெரிக்கா முழுவதும் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டு வருகிறது. இதன் புழு பட்டைக்கு அடியில் துளைத்து நீரோட்டத்தை அறுத்துவிடும். செத்த ஆஷ் வெகுசீக்கிரம் முறுகிப்போகும், பார்வைக்கு நெடுநெடுவென்று நின்றுகொண்டிருக்கும்போதே. புழு தேடி மரங்கொத்தி மேல்பட்டையை உரித்துப்போட்ட வெளிர்த் திட்டுகள் இருந்தால் அந்த மரத்தைத் தொடக்கூடாது. அடிமரத்தில் காளான், கோடையிலும் மொட்டையான உச்சி, தட்டினால் கேட்கும் உள்ளீடற்ற ஓசை எல்லாம் அதே எச்சரிக்கைதான். கட்டும் மரம் நன்றாயிருந்து, தலைக்கு மேல் பக்கத்து மரத்தின் முறிந்த கிளை சிக்கி நின்றாலும் ஆபத்து ஒன்றே. அப்படிப்பட்ட கிளைக்கு அந்நாட்டு மரவெட்டிகள் வைத்த பெயர் ‘கைம்பெண்ணாக்கி’. மரம் போதவில்லையென்று உணவுக்கூடத்துத் தூணிலோ செங்கல் சுவரிலோ கட்டுகிறவர்கள் மேலே சொன்ன 230 கிலோ கணக்கை மறந்தவர்கள். தூண் மேலிருந்து அழுத்தும் பாரத்துக்குக் கட்டியது, பக்கவாட்டு இழுப்புக்கு அல்ல.

அடிமரத்தை இன்னொரு காரணத்துக்காகவும் உற்றுப் பார்க்க வேண்டும். மயிரடர்ந்த பழுப்புக் கயிறு போல ஒரு கொடி தண்டோடு ஒட்டி ஏறினால் அது பாய்சன் ஐவி. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் அதுவும். சேங்கொட்டைச் சாறு பட்டுக் கொப்பளித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் கொடியில் எண்ணெய் இருக்கும். அதன்மேல் வாரைச் சுற்றினால் எண்ணெய் வாரில் ஏறி, அடுத்த மாதம் வேறோரிடத்தில் வாரை அவிழ்ப்பவரின் கையில் இறங்கும்.

ஹேமக்கில் குளிர் கீழிருந்து வரும். காற்று முதுகுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். படுப்பவரின் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் அதில் காற்று தங்காது, காற்று தங்காவிட்டால் வெப்பமும் தங்காது. 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே பலருக்கு முதுகு சில்லிடத் தொடங்கும். இதற்குத் தீர்வு அண்டர்குயில்ட். ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கத்தில் ஒட்டியபடி தொங்கும் மெத்தைப் போர்வை அது. வெளியே தொங்குவதால் நசுங்காது. விலை அதிகம், ஆகவே முதல்முறை வருபவருக்கு உள்ளே விரிக்க ஒரு ஃபோம் பாய் போதும். குழுவாகப் போவதன் பெரிய லாபம் இங்கேதான். பழகியவர்களிடம் உபரியாக ஓரிரண்டு செட் இருக்கும். அழைப்பு அனுப்பும்போதே யாருக்கு எது கடன் வேண்டும் என்று கேட்டுவிட்டால், புதியவர் நானூறு டாலர் செலவழித்துவிட்டுத் தனக்கு இது ஒத்துவரவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மழைக்குத் தார்ப்பாய். ஹேமக்கைவிட இரு பக்கமும் ஒரு சாண் நீளமாவது இருக்க வேண்டும், காற்றடிக்கும் இரவில் ஓரங்களைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். அப்படியும் சிலர் நனைந்து எழுவதுண்டு, தார்ப்பாயில் ஓட்டையே இல்லாமல். மரத்தில் வழியும் தண்ணீர் வாரைப் பிடித்து நடந்து நேராகப் படுக்கைக்கு வந்துவிடும். வாரில், தார்ப்பாயின் நிழலுக்குள் வரும் இடத்தில், ஒரு சாண் நூலை முடிச்சிட்டுத் தொங்கவிட்டால் தண்ணீர் நூல் வழியே இறங்கிச் சொட்டிவிடும். ஷூ கயிறே போதும்.

உண்ணி விஷயத்தில் பென்சில்வேனியாவுக்கு நல்ல பெயர் இல்லை. மான் உண்ணி பரப்பும் லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் அது ஒன்று. தொங்கித் தூங்குவதால் உண்ணி ஏறாது என்பது பாதி உண்மை. அது ஏறுவது பகலில், புல்லில் நடக்கும்போது. துணிகளுக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து உலர்த்துவதும், இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமயிர் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும். கருங்கரடியும் உண்டு. சாப்பாடு, பற்பசை, வாசனையுள்ள எதுவும் ஹேமக்கில் இருக்கக்கூடாது, பூட்டிய காருக்குள்தான் இருக்க வேண்டும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகக்கூடாது. ஆஷ் வண்டு தொலைவூர்களுக்குப் பரவியது பெரும்பாலும் விறகு ஏற்றிய வண்டிகளில்தான். எரிக்கும் இடத்திலேயே வாங்கி அங்கேயே எரித்துத் தீர்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்கு முன் வந்து சேர்ந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. முன்பே வந்தவர்கள் புதியவர்களுக்கு நடுமரங்களை விட்டுவைப்பதும், குறட்டைக்காரர்களும் பின்னிரவில் எழுந்து நடப்பவர்களும் ஓரத்துக்குப் போவதும் ஹேங் நாகரிகம். சமையல் பொதுவாக சனிக்கிழமை இரவு ஒரு வேளைக்கு மட்டும் கூட்டாக. ஆளுக்கொரு பதார்த்தம், நடுவில் தணலில் வைத்த இரும்புச் சட்டி. மற்ற வேளைகளை அவரவர் பார்த்துக்கொள்வதால் பாத்திரம் கழுவுவது யார் என்ற சண்டை வருவதில்லை. மாநிலப் பூங்காக்களில் மதுவுக்குத் தடை, இரவு 9 மணிக்குமேல் சத்தத்துக்கும் தடை. சனிக்கிழமை பகலில் பூங்காவின் இன்னொரு ஏரியான லாரல் ஏரிக்கு மேலே நிற்கும் போல் ஸ்டீபிள் என்ற குவார்ட்சைட் பாறைக்கு ஏறலாம். பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஆனால் செங்குத்து. பழையகாலத்து மாவுமில் ஒன்றில் 2010இல் திறந்த அப்பலாச்சியன் நடைபாதை அருங்காட்சியகமும் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது.

ஞாயிறு காலை கட்டியவற்றை அவிழ்க்கும் வரிசை கட்டியதற்குத் தலைகீழ்: முதலில் அண்டர்குயில்ட், பிறகு ஹேமக், மழையிருந்தால் தார்ப்பாய் கடைசி. இலையுதிர்காலத்தில் வந்தவர்கள் மூட்டைகளையும் காரின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அமெரிக்காவில் முதன்முதலாக 2014இல் இதே மாநிலத்தில் தென்பட்ட, பயிரைக் கெடுக்கும் புள்ளி விளக்குப்பூச்சி, காய்ந்த சேற்றுத் தீற்றல் போலத் தோன்றும் முட்டைக்கூட்டை எதன்மேலும் இடும். இருந்தால் ஒரு பழைய அட்டையால் சுரண்டி எடுத்து நசுக்க வேண்டும். ஈரத் தார்ப்பாயைச் சுருட்டியபடியே விட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் கொடியில் போட்டு உலர்த்திய பிறகே பையில் திணிக்க வேண்டும்.