சுண்டு மக்கா, புத்திசாலியா?

எங்க வீட்டு வெள்ளை எலி பேரு சுண்டு. அதுக்கு நான் கட்டிய புதிர்ப்பாதையைப் பற்றிச் சொல்றேன், கேளுங்க.

தேவையானவை: ஷூ அட்டைப்பெட்டிகள் (நம்ம ஆம்பூர் பக்கம் இதுக்குப் பஞ்சமா!), மைதா பசை, பழைய கொசுவலை, செய்தித்தாள், பொட்டுக்கடலை.

செய்முறை: பெரிய பெட்டியின் மேல்பக்கத்தை வெட்டி எடுங்கள். சின்னப் பெட்டிகளைப் பட்டையாக வெட்டி, உள்ளே சுவர்களாக ஒட்டுங்கள். பாதையின் அகலம் 10 செ.மீ. இருக்கட்டும். நடுவில் மூன்று முட்டுச்சந்து வையுங்கள். எலி தாவி ஓடாமல் இருக்க மேலே கொசுவலை. தரையில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எலி தன் வாசனையை மோப்பம் பிடித்தே வந்துவிடும்.

எச்சரிக்கை! முதலில் நான் ஷூ ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டினேன். உள்ளே விட்டதும் சுண்டு தும்ம ஆரம்பித்தது. பயந்துபோய் உடனே வெளியே எடுத்தேன். எலி எல்லாவற்றையும் கடிக்கும். எனவே சொல்யூஷன், தோல் துண்டு எதுவும் வேண்டாம். வெளியில் திரியும் எலியைப் பிடிக்காதீர்கள், அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். எந்த எலியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முதல் மூன்று நாள் நான் பொட்டுக்கடலை வைக்கவில்லை. சுண்டு எல்லா முட்டுச்சந்திலும் நுழைந்து, மீசையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. "மக்கு எலிடா, உன்னை மாதிரியே" என்று அக்கா சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாம் நாள் பாதையின் முடிவில் பொட்டுக்கடலை வைத்தேன். தேடித்தேடி 3 நிமிடத்தில் எடுத்தது. மறுநாள் 20 விநாடிதான்!

எப்படி? அமெரிக்காவில் டோல்மேன், ஹான்ஸிக் என்ற இருவர் 1930-இல் இதைச் சோதித்தார்கள். சில எலிகளுக்கு 10 நாள் புதிர்ப்பாதையில் உணவே வைக்கவில்லை. அவை சும்மா சுற்றின. 11-ஆம் நாள் உணவு வைத்தார்கள். 12-ஆம் நாளே, தினமும் உணவு பெற்ற எலிகளுக்குச் சமமாக ஓடின! சும்மா சுற்றும்போதே வழியைக் கற்றுக்கொண்டிருந்தன, வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான். மனசுக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது என்றார் டோல்மேன். இடத்தை அறியும் செல்களை எலி மூளையில் கண்டுபிடித்த ஜான் ஓ'கீஃப், 2014-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

ஆகவே நண்பர்களே, பதில் சொல்லாதவன் எல்லாம் மக்கு இல்லை! அக்கா இப்போ சுண்டுவை மக்கு என்று சொல்வதில்லை. என்னை மட்டும்தான்!

– 9 'ஆ' மாணவன்