பட்டமும் அங்கீகாரமும்

கோடை பிறந்ததும் திருப்பதியிலும் சித்தூரிலும் சாலையோரப் பலகைகள் கல்லூரி விளம்பரங்களால் நிறைந்துவிடும். ‘அரசு அங்கீகாரம் பெற்றது’, ‘நாக் ஏ பிளஸ் தரம்’, ‘தன்னாட்சி’, ‘பன்னாட்டு ஏற்பு’ என்னும் தொடர்கள் ஒரே அளவில், ஒரே நிறத்தில் அருகருகே நிற்கும். காண்பவருக்கு அவை யாவும் ஒரே பொருளைச் சொல்வன போலத் தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள்.

பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது முதல் வினா. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. நடுவண் அரசின் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். திருப்பதியிலுள்ள திருவேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இல் மாநிலச் சட்டத்தால் தோன்றியது. 1961இல் தொடங்கப்பட்ட வடமொழி வித்யாபீடம் 1987இல் நிகர்நிலைத் தகுதி பெற்று, 2020இல் நடுவண் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யின் பெயரில் ‘பல்கலைக்கழகம்’ என்னும் சொல்லே இல்லை. ஆயினும் நாடாளுமன்றச் சட்டம் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்துள்ளது. பெயரைக் கொண்டு முடிவு செய்தல் இருபுறமும் தவறாகும். பெயரில் பல்கலைக்கழகம் என்று எழுதிக்கொண்டு, எச்சட்டத்தாலும் அமையாத நிறுவனங்களும் நாட்டில் உள்ளன. அவற்றைப் போலிப் பல்கலைக்கழகங்கள் எனப் பெயர் சுட்டி மானியக் குழு பட்டியலிட்டு வெளியிடுகிறது.

சித்தூர்ப் பகுதியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்றுண்டு: ஆந்திராவில் பெற்ற பட்டம் வேலூரிலும் சென்னையிலும் செல்லுமா? முறையாக அமைந்த பல்கலைக்கழகத்தின் பட்டத்திற்கு மாநில எல்லை தடையன்று. தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தடையாகக்கூடியது பட்டமன்று. அங்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள தமிழ்த்தாள்தான். விருப்பப் பாடமாகத் தமிழைப் பயில்வோருக்கு அதுவும் தடையாகாது.

பட்டம் வழங்கும் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதை 2017 நவம்பரில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு காட்டியது. சேலத்தில் உள்ள ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பொறியியற் பட்டத்தைத் தொலைநிலைக் கல்வி வழியே வழங்கியிருந்தன. பட்டம் வழங்கும் உரிமை அவற்றுக்கு இருந்தது. ஆனால் அப்படிப்பைத் தொலைநிலையில் நடத்த, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் ஒப்புதலை அவை பெறவில்லை. ஒடிசாவின் பாசனக் கழகம் ஒன்றில் எழுந்த பதவி உயர்வு வழக்கே மேல்முறையீடாக உச்சநீதிமன்றத்தை எட்டியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தொழில்நுட்பக் குழு நடத்தும் தேர்வில் வென்றால் பட்டம் நிலைக்கும். இல்லையேல் பட்டமும் அதனால் கிடைத்த பதவி உயர்வும் போகும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் முற்றிலும் நீக்கப்பட்டன. கட்டணத்தைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பணம் திரும்பலாம், கழிந்த ஆண்டுகள் திரும்புமா? பட்டத்தைப் பெற்றுப் பணியிலும் அமர்ந்து, பல்லாண்டு கடந்த பின் இத்தீர்ப்பு வந்தது என்பதே இதில் கொடியது.

ஆகவே தொழிற்படிப்பு ஒவ்வொன்றுக்கும் உரிய அமைப்பின் ஒப்புதலைத் தனியே பார்த்தல் வேண்டும். மருத்துவத்திற்குத் தேசிய மருத்துவ ஆணையம், சட்டத்திற்கு இந்திய வழக்கறிஞர் மன்றம், ஆசிரியர் பயிற்சிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு, மருந்தியலுக்கு மருந்தியல் மன்றம் என இவை வேறுபடும்.

‘நாக்’ என்பது இவற்றுள் சேராது. 1994இல் அமைந்து பெங்களூரிலிருந்து இயங்கும் அக்குழு, நிறுவனத்தின் தரத்தை அளக்கிறது; பட்டம் வழங்கும் உரிமையை அளிப்பதில்லை. அது வழங்கிய எழுத்துத் தரங்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டுக் கால எல்லை உண்டு. விளம்பரப் பலகையில் தரம் பெரிதாக இருக்கும். ஆண்டு பெரும்பாலும் இராது. எழுத்துத் தரங்களை விடுத்து, தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்று மட்டும் அறிவிக்கும் முறைக்கு மாறப்போவதாக 2024இல் அக்குழு அறிவித்தது.

‘பன்னாட்டு ஏற்பு’ என்னும் தொடரை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். பொறியியலுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் நிலையான உறுப்பினராயிற்று. அதன் பயன் எல்லாக் கல்லூரிகளுக்கும் உரியதன்று. தேசியத் தரச்சான்று வாரியம் முதல்நிலையில் சான்றளித்த படிப்புகளுக்கே அது பொருந்தும். வாரியம் படிப்புக்குத்தான் சான்றளிக்கிறது, கல்லூரிக்கு அன்று. ஒரே கல்லூரியில் இயந்திரவியல் சான்று பெற்றிருக்க, கணினியியல் பெறாதிருக்கலாம்.

இவையனைத்தையும் அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் கட்டணமின்றிக் காணலாம். நிறுவனத்தின் பெயர், படிப்பின் பெயர், சேரும் கல்வியாண்டு ஆகிய மூன்றும் அங்குள்ள பட்டியலில் ஒத்திருக்க வேண்டும். சேர்க்கை முகவர் கைப்பேசியில் காட்டும் படம் இதற்கு ஈடாகாது.

செயல்பாடு: வீட்டிலோ அண்டையிலோ உள்ள ஒருவரின் பட்டச் சான்றிதழைப் பார்வையிடுக. பட்டம் வழங்கியது கல்லூரியா, பல்கலைக்கழகமா? அப்பல்கலைக்கழகம் எவ்வகையைச் சார்ந்தது? கண்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.